சித்திக்குத் தெரியாத கன்ட்ரோல் எஸ்

நேற்று ராத்திரி அப்பாவின் பழைய லேப்டாப்பிலிருந்து போட்டோக்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓட ஓட, கமாண்ட் தட்டும் ஜன்னலான டெர்மினலில் அக்கா நிச்சயம், திருப்பதி மொட்டை என்று பெயர்கள் சரசரவென ஏறின. ஆபீஸில் சேமிப்பதற்காக நிமிடத்துக்கு நாலு தடவை கன்ட்ரோல் எஸ் அழுத்தும் கை சும்மா இருக்குமா? அழுத்தியது. ‘மொட்டை 17’இல் எல்லாம் நின்றுவிட்டது.

டிஸ்க் போச்சு என்று கேபிளை ஆட்டினேன். மிக்ஸி போட்டதால்தான் என்று அம்மா மேல் பாய்ந்தேன். ஓடும் வேலையையே முடித்துவிடும் கன்ட்ரோல் சி அழுத்தப் பயம், பாதியில் செத்துவிட்டால்? என்டரை இருபது தடவை தட்டினேன். ‘சனியனே’, ‘ஓடித்தொலை’, கடைசியாக ‘எக்ஸிட்’. திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

டெர்மினலில் கன்ட்ரோல் எஸ் என்றால் ‘நில்லு’, கன்ட்ரோல் க்யூ என்றால் ‘போ’. இது, தொலைவிலிருந்து வரும் எழுத்தைக் காகிதத்தில் அடிக்கும் டெலிடைப் மெஷின் காலத்து ஏற்பாடு. 1960களின் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் ஓட்டும். எதிர்முனை ‘நில்லு’ என்றால் அதன் காகித நாடா நிற்க வேண்டும். எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் நில்லுவுக்கு 19, போவுக்கு 17. எஸ் பத்தொன்பதாவது எழுத்து, க்யூ பதினேழாவது. மெஷின் காயலான் கடைக்குப் போய்விட்டது, லினக்ஸ் மட்டும் இன்னும் அதற்குக் கட்டுப்படுகிறது. பெயரை எழுத வழியில்லாமல் ஆர்சிங்கும் கைகட்டி நின்றிருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு சித்தியிடம் மட்டும் செல்லாது. ‘இருடி, குக்கரை இறக்கிட்டு வரேன்’ என்று அம்மா போனை வைத்துவிட்டுப் போய், சாம்பார் தாளித்து வந்தாலும் சித்தி பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

தம்பி முறுக்கைக் கடித்தபடி வந்தான். எண்ணெய்க் கையால் கன்ட்ரோல் க்யூ. போய்விட்டான். அவ்வளவுதான், அத்தனை பெயரும் கொட்டி முடித்தன. நான் தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருந்ததுபோல; ஒவ்வொரு வசவுக்கும் ‘அப்படி ஒரு கமாண்ட் இல்லை’ என்று, டெர்மினலில் கமாண்டை வாங்கிச் செய்யும் பேஷ் புரோகிராம் பதில் சொன்னது. கடைசியில் எக்ஸிட்டையும் மதித்து ஜன்னலை மூடிக்கொண்டது. ஏறியதா இல்லையா என்று யாரைக் கேட்க?

மறுபடி ஓட்டினேன். புதிதாக ஏற்ற ஒன்றும் இல்லை, எல்லாம் பத்திரம். முதல் வேலையாக, இந்த நில்லு-போவை அணைக்கும் எஸ்டிடிஒய் மைனஸ் இக்ஸான் என்ற கமாண்டை, பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் போட்டேன்.

“என்னைத் திட்டினியே, எதுலடா நின்னுது?” என்றாள் அம்மா. திறந்து காட்டினேன். மூன்று மொட்டைகள். நடுவில் அப்பா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து சித்தி போன். “இருடி” என்று அம்மா அதை மேசைமேல் வைத்தாள். சித்தி பேசிக்கொண்டிருந்தாள். அம்மா எடுக்கவில்லை.