யாரும் கூப்பிடாத மெத்தட்

“இந்த மெத்தடை யாரும் கூப்பிடவில்லை, நீக்கிவிடலாம்” என்று ஏஐ சொன்னது. மெத்தட் என்பது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு. கோடில் எதை எது கூப்பிடுகிறது என்று காட்ட நான் எழுதிய இண்டெக்ஸைக் கேட்டுவிட்டுத்தான் ஏஐ சொன்னது. நீக்கினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. மாதக் கடைசி ராத்திரி தானாக ஓட வேண்டிய பில்லிங் புரோகிராம், அதாவது பேட்ச், எழும்பவே இல்லை.

எங்களுடையது பதினைந்து வருடமாக வளர்ந்த ஜாவா புராஜெக்ட். அத்தனையையும் ஒரே மூச்சில் எந்த மாடலுக்கும் படிக்கக் கொடுக்க முடியாது. சும்மா விட்டால் கிரெப் போட்டு, அதாவது எழுத்தை மட்டும் பார்த்து, தேடும். ‘சேவ்’ என்று தேடினால் நூற்றுக்கணக்கான வரி வரும். பத்து கோப்பைத் திறந்து பார்ப்பதற்குள் எதற்கு வந்தோம் என்பதே அதற்கு மங்கிவிடும். அதனால் எது எங்கே இருக்கிறது, எதை எது கூப்பிடுகிறது என்று முன்கூட்டியே ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

யோசனை பழையதுதான். பெல் லேப்ஸில் பிடிபி-11 கணினிகளின் காலத்திலேயே எழுதப்பட்ட சிஸ்கோப் என்ற கருவி, “இந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விம் எடிட்டரில், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் சிடேக்ஸை வைத்துத்தான் கோட் படிக்கக் கற்றுக்கொண்டேன். நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ட்ரீ-சிட்டர் என்ற கருவியை வைத்து ஒவ்வொரு கோப்பையும் இலக்கண மரமாகப் பிரித்தோம். வரையறைகள் ஒரு டேபிளில், அழைப்புகள் இன்னொரு டேபிளில் என்று ஒரு எஸ்க்யூஎல்லைட் கோப்பில் போட்டோம். வெளிக் கருவிகளோடு பேசுவதற்கான எம்சிபி என்ற முறை வழியாக ஏஐ வந்து கேட்கும்.

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. ட்ரீ-சிட்டருக்கு இலக்கணம் தெரியும், டைப் தெரியாது. ஒரு ‘சேவ்’ அழைப்பைப் பார்த்தால் அது எந்த கிளாஸின், அதாவது எந்தக் கோட் தொகுப்பின், ‘சேவ்’ என்று அதனால் சொல்ல முடியாது. பெயரை மட்டும் வைத்து இணைத்ததில் எல்லாமே எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டது. அப்புறம், கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் கம்பைலர் தரும் தகவலுக்கு மாறினோம்; அதை ஸ்கிப் என்ற வடிவத்தில் எடுத்தோம். கோட் முழுவதையும் கம்பைல் செய்யும் பில்டு ஓட வேண்டும், நேரம் பிடிக்கும். ஆனால் இணைப்புகள் சுத்தமாக வந்தன. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் இண்டெக்ஸை முழுதாக நம்பத் தொடங்கினேன்.

அந்த மாதக் கடைசி ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் வந்தது. லாகைத் திறந்தால், நாங்கள் நீக்கிய அதே மெத்தட் அந்த கிளாஸில் இல்லை என்று இருந்தது. கூப்பிட்டது ஜாவா கோட் இல்லை; ஜாவா புரோகிராமின் பாகங்களை இணைக்கும் ஸ்பிரிங் படிக்கும் ஓர் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பு. அதில் ‘டார்கெட்மெத்தட்’ என்று ஒரு பிராப்பர்ட்டி; அதன் மதிப்பாக மேற்கோள் குறிக்குள் மெத்தடின் பெயர், வெறும் எழுத்துகளாக. பேட்ச் எழும்போது ஸ்பிரிங் அந்தப் பெயரைப் படித்து மெத்தடைத் தேடும். கம்பைலருக்கு அது தெரியாது, ஆகவே என் இண்டெக்ஸுக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எழும் தனி புராசஸ் என்பதால் டெஸ்டிலும் அந்தக் கோப்பு ஏறவில்லை.

கமிட்டை, அதாவது பதிவு செய்த மாற்றத்தை, திருப்பிப் போட்டு, பேட்ச் ஓடி முடிந்தபோது விடியற்காலை நான்கு மணி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. பழைய கருவிகளில் தேடி ஒன்றும் வராவிட்டால் நான் என்ன செய்வேன்? “இருக்காதே” என்று முனகிவிட்டு எக்ஸ்எம்எல்லிலும் ஒருமுறை தேடுவேன். அந்தச் சந்தேகம் கருவியில் இல்லை, என்னிடம் இருந்தது. ஏஐக்கு நான் கொடுத்ததோ ஒரே வரி: ‘அழைப்பவர்கள்: 0’. நான் பார்க்காத இடங்களும் அந்தப் பூஜ்யத்துக்குள் சேர்ந்துவிட்டன. ஏஐ என் பதிலை அப்படியே நம்பியது. பிழை பதிலை எழுதிய என்னுடையது.

மறுநாள் எக்ஸ்எம்எல் கோப்புகளையும் இண்டெக்ஸில் சேர்த்தோம். ஜாவாவுக்குள் ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்துகளாக, வரும் மெத்தட் பெயர்களையும் எடுத்து, ‘உறுதி இல்லை’ என்ற குறியோடு இணைத்தோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பதிலின் வாசகம். பூஜ்யம் மட்டும் திரும்பக் கூடாது. எந்தக் கமிட் வரை பார்த்தது, எந்த வகைக் கோப்புகளைப் பார்த்தது, எவற்றைப் பார்க்கவில்லை என்பதும் சேர்ந்து வர வேண்டும். அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்ததில் இரண்டு நாள் போனது. வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பழைய நிலைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டோம். “ஜாவாவில் அழைப்பவர் இல்லை. ஆனால் பேட்ச் எக்ஸ்எம்எல்லில் இந்தப் பெயர் வருகிறது. தரவுத்தளம் இண்டெக்ஸில் இல்லை. நீக்கும் முன் உறுதி செய்யவும்” என்று பதில் வந்தது.

எங்கள் குழுவில் இந்த புராஜெக்ட்டைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“தரவுத்தளம் இல்லைன்னு அதுவே சொல்லுதே, நல்லது. அங்கே ஒரு டேபிள்ல கிளாஸ் பெயரெல்லாம் போட்டு வெச்சிருக்கோம்ப்பா, தெரியுமா?”

“தெரியாது சார்.”

“நான்தான் போட்டேன். உக்காரு, காட்டறேன்” என்று என் நோட்டை இழுத்து, டேபிளின் பெயரை எழுத ஆரம்பித்தார். பக்கம் நிறைந்தபோது நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.