ஒரு நோயெதிர்ப்பியலாளரின் கட்டுரைப் பட்டியலைத் தொகுத்த அனுபவம்

பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் தம் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் சில பக்கங்களில் அடக்கிக் காட்ட வேண்டும். எத்தனை கட்டுரைகள், எந்த ஆய்விதழ்களில், முதல் ஆசிரியரா தொடர்பாசிரியரா, எத்தனை மேற்கோள்கள், எச் குறியீடு என்ன, எந்த ஆய்வு நிதிக்குத் தலைமை தாங்கினார், எத்தனை முனைவர் பட்ட மாணவர்களை உருவாக்கினார் என்று படிவம் கேட்டுக்கொண்டே போகும். பினாங்கில் நான் ஆய்வு அலுவலராக இருக்கும் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தின் தலைவர் அண்மையில் அப்படி விண்ணப்பித்தார். ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டர். தமிழில் பேசும்போது எனக்கு அக்கா. பட்டியலைத் தொகுக்கும் வேலையை அவர் என்னிடம் ஒப்படைத்தார். அதை எப்படிச் செய்து முடித்தோம் என்று எழுதிவைத்தால் இதே வேலையில் இறங்கப்போகும் நம்மவர்களுக்கு உதவும். தந்தை பெயரோடு சேர்த்தே தம் பெயரை எழுதும் மலேசியத் தமிழர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அக்கா ஒரு பழைய தற்குறிப்பையும் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் கொடுத்தார். பெட்டிகளில் இருந்தவை ஆய்விதழ்கள் அந்தக் காலத்தில் ஆசிரியருக்கு அனுப்பிவந்த தனிப்பிரதிகள். இன்று பிடிஎஃப் வந்துவிடுவதால் இளைய ஆய்வாளர்கள் பலர் அவற்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். தற்குறிப்பில் இருந்து பெட்டியில் இல்லாதவை சில, பெட்டியில் இருந்து தற்குறிப்பில் இல்லாதவை சில. இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆண்டு, தொகுதி, பக்கம், கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண், மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டின் எண் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் ஏற்றினேன். டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் 2000இல்தான் தொடங்கியது. பெரிய பதிப்பகங்கள் பழைய இதழ்களுக்கும் பின்னோக்கி எண் கொடுத்துவிட்டன. சிறிய இதழ்கள் பலவற்றுக்கு அந்த எண் இல்லை. அக்காவின் தொடக்ககாலக் கட்டுரைகளில் சில அத்தகைய இதழ்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் வந்தவை. அவற்றின் பக்க எண்களை நூலகத்தில் அட்டை கட்டி வைத்திருந்த தொகுதிகளைப் புரட்டித்தான் சரிபார்க்க முடிந்தது. அந்த வேலையில் நூலகர் ஒருவர் காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

அந்தத் தொடக்ககாலக் கட்டுரைகளைப் படித்தபோதுதான் இது வெறும் எழுத்தர் வேலை அல்ல என்பது எனக்குப் புரிந்தது. அக்கா தொடங்கியது யானைக்கால் நோயில். மலேசியாவில் அந்நோய்க்கு முக்கியக் காரணம் புரூஜியா மலாயி என்ற ஒட்டுண்ணிப் புழு. அதன் நுண்குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும். அதனால் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மருத்துவக் குழு இருட்டிய பிறகு கிராமத்துக்குச் சென்று, தூங்கப்போகும் மக்களை அழைத்து விரலில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. புழு உடலில் உயிரோடு இருக்கும்போது ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருளின் அளவு இரத்தத்தில் உயர்கிறது. எதிர்ப்பொருளுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். பகலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அரை மணி நேரத்துக்குள் விடை சொல்லும் துரிதச் சோதனைக்கு அடிப்படை அதுதான். அப்படிப்பட்ட புரூஜியா ரேப்பிட் என்ற சோதனை இதே பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவானது. இந்த நோயை ஒழிக்கும் உலகளாவிய திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய பிறகு, நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று பல நாடுகளில் குழந்தைகளைச் சோதிக்க அது பயன்பட்டது. அக்காவின் பங்கு அந்தக் கருவியில் இல்லை. ஐஜிஜி4 எப்போது உயர்கிறது, மருந்து கொடுத்த பிறகு எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதே அவருடைய கேள்வி. விடை சின்னச் சின்னக் கட்டுரைகளாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா சோதனைத் தட்டுகளை வைத்துக்கொண்டு கழித்த மாலைகள் இருக்கின்றன.

பிறகு அவர் டெங்கிக்கு மாறினார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் டெங்கிச் சம்பவங்கள் பதிவாகின. ஒரு நோயெதிர்ப்பியலாளர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. டெங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் காய்ச்சல் கண்டவரை இரண்டாவது முறை வேறொரு வகை தாக்கினால், முதல் முறை உருவான எதிர்ப்பொருள் புதிய வைரஸைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதை முடக்க முடிவதில்லை. பிடித்த நிலையிலேயே நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் நுழைய அது வழிவிட்டுவிடுகிறது. இந்தக் கருத்தை ஸ்காட் ஹால்ஸ்டெட் பாங்காக்கில் கண்ட நோயாளிகளிலிருந்து வளர்த்தெடுத்தார். இதற்கிடையில் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் என்ன செய்கின்றன என்பது அக்காவின் பிற்காலக் கேள்வி. அதற்கு அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும். இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் வெள்ளணுக்களைப் பிரித்தாக வேண்டும். மருத்துவமனை, தாதியர், பிரித்தெடுக்கும் மாணவர், கருவியை இயக்குபவர், புள்ளியியல் அறிந்தவர் என்று பல கைகள் சேர்ந்தால்தான் ஒரு கட்டுரை. ஆகவே பட்டியலின் பிற்பாதியில் ஆசிரியர் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன.

பெயர் என்றதும் எங்கள் வேலையின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டேன். மாலா ஏ/பி கோவிந்தன் என்று ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் அவர் பெயர் அப்படித்தான் இருக்கும். ஏ/பி என்பது இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். வெளிநாட்டு ஆய்விதழின் படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். ஒரு கட்டுரையில் அவர் கோவிந்தன் எம். ஆவார். இன்னொன்றில் மாலா ஜி. மூன்றாவதில் ஏபி கோவிந்தன் எம். தரவுத்தளங்கள் கட்டுரைகளைக் கணினி வழியாகத் தொகுப்பவை. பெயரும் நிறுவனமும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று பிரித்துவிடும். அக்கா கோலாலம்பூரில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுப் பினாங்குக்கு வந்தவர் என்பதால் நிறுவனமும் மாறியிருந்தது. ஆகவே ஒரே மனிதரின் உழைப்பு பல சுயவிவரங்களாகச் சிதறிக் கிடந்தது. அவற்றில் எதைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அவர் சுமாரான ஆய்வாளராகத்தான் தெரிந்தார்.

தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறிய கட்டுரைகளே எண்ணிக்கையில் அதிகம். அக்காவின் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகளை அறிவியல் படிக்க வைக்க அவர் பட்ட பாட்டை அக்கா அவ்வப்போது சொல்லியிருக்கிறார். எந்த வடிவத்தை நிலையாக வைப்பது என்று நான் கேட்டபோது, "அப்பா பெயரே இருக்கட்டும். உலகம் முழுக்க அந்தப் பெயரில்தானே மேற்கோள் காட்டுகிறார்கள்" என்றார். அதன்பின் வேறு யோசனைக்கு இடமில்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் தந்தை பெயர், முதல் பெயர் கட்டத்தில் அவருடைய பெயர், ஏ/பி எங்கும் இல்லை என்று முடிவாயிற்று.

அடுத்தது ஆர்கிட். ஆய்வாளர்களுக்காக 2012இல் தொடங்கிய இந்த இலவச அடையாள எண் பதினாறு இலக்கங்கள் கொண்டது. பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. அக்காவிடம் எண் இருந்தது, ஆனால் பக்கம் வெறுமையாக இருந்தது. பிற பெயர் வடிவங்களைக் குறிக்க அதில் தனிக் கட்டம் உண்டு. எல்லா வடிவங்களையும் அங்கே ஏற்றினோம். டிஓஐ உள்ள கட்டுரைகளைத் தேடி இணைக்கும் வசதி பெரும்பகுதியை முடித்துக்கொடுத்தது. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். ஆர்கிட் பக்கம் நிறைந்த பிறகுதான் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களின் திருத்தப் படிவங்களை நிரப்பினேன். என் அனுபவத்தில் இந்த வரிசைதான் சரி. சுயவிவரங்களை ஒன்றாக்கும்படி கேட்கும்போது சான்றாகக் காட்ட ஒரு முழுமையான பக்கம் கையில் இருக்க வேண்டும். திருத்தம் உடனே நடந்துவிடாது. விண்ணப்பக் கெடு நெருங்கிய பிறகு இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கூகுள் ஸ்காலரில் வேறு விதமான வேலை. அங்கே அதே தந்தை பெயரும் முதலெழுத்தும் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் அக்காவின் பக்கத்தில் சேர்ந்திருந்தன. அவற்றை எடுத்தபோது மேற்கோள் எண்ணிக்கை குறைந்தது. அக்கா கவலைப்படவில்லை.

மூன்று இடங்களிலும் எச் குறியீடு மூன்று விதமாக இருக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த அளவு அது. 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளிலும் உள்ளூர் இதழ்களிலும் வரும் மேற்கோள்களையும் எண்ணுவதால் அங்கே எண் உயரமாகத் தெரியும். எங்கள் படிவம் ஸ்கோபஸ் எண்ணைக் கேட்டது, எடுத்த தேதியோடு எழுதினோம். எண்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐஜிஜி4 பற்றிய அக்காவின் அந்தச் சிறு கட்டுரைகள் அதிகம் மேற்கோள் காட்டப்படாதவை. பிறர் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஒரு மறுஆய்வுக் கட்டுரை, அவர் பெயர் நடுவில் வருவது, அவற்றை எல்லாம் தாண்டி நிற்கிறது. மறுஆய்வுக் கட்டுரைகள் அதிகம் மேற்கோள் பெறுவது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான். எனினும் எந்தக் கட்டுரைக்கு எவ்வளவு உழைப்பு என்று கண்ணால் கண்ட எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

படிவத்தில் நடு ஆசிரியர்களுக்கு மதிப்பெண் குறைவு. நோயெதிர்ப்பியலில் மாணவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில், உழைத்த மற்றவர்கள் நடுவில் என்பது வழக்கம். கூட்டு ஆய்வுகள் பலவற்றில் டி அணுக்கள் பகுதி முழுவதையும் அக்கா செய்திருந்தும் அவர் பெயர் நடுவில்தான் இருந்தது. புதிய கட்டுரைகள் பலவற்றின் இறுதியில் யார் என்ன செய்தார் என்ற குறிப்பு இருக்கும். கிரெடிட் என்ற முறை அதைப் பதினான்கு பங்குகளாக வகுக்கிறது. அந்தக் குறிப்புகளை அப்படியே எடுத்துப் பின்னிணைப்பாக வைத்தோம். குறிப்பு இல்லாத பழைய கட்டுரைகளுக்குக் கூட்டாசிரியர்களிடம் கடிதம் கேட்டோம். ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர், எந்தப் படம் அக்காவின் சோதனையிலிருந்து வந்தது என்பதுவரை நினைவில் வைத்து எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் எந்தக் குறியீட்டையும் விடப் பெரியது என்பது என் எண்ணம்.

ஆய்விதழ்களின் தரப் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தர வரிசையை நான்காகப் பிரித்தால், ஒரே இதழ் ஒரு துறைப் பிரிவில் முதல் கால்பகுதியிலும் இன்னொரு பிரிவில் இரண்டாம் கால்பகுதியிலும் இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எந்த ஆண்டின் நிலையை எழுதுவது என்று முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கட்டுரை வெளிவந்த ஆண்டு என்று பதில் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அந்த ஆண்டின் பக்கத்தைச் சேமித்து இணைத்தேன்.

விண்ணப்பம் போன பிறகு வெளி மதிப்பீட்டாளர்களின் கருத்து வரவேண்டும். காத்திருந்த காலத்தில் அக்கா பட்டியலைப் பற்றிப் பேசவே இல்லை, தட்டுகளோடும் மாணவர்களோடும் இருந்தார். பதவி உயர்வுக் கடிதம் வந்ததும் ஆய்வகத்தில் எல்லாருக்கும் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தார். அதற்குள் பட்டியலில் சேர்க்க இன்னொரு டெங்கிக் கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது. முதல் ஆசிரியர் பட்டர்வொர்த்திலிருந்து வரும் முனைவர் பட்ட மாணவி. அச்சுப்படி வந்தபோது, சமர்ப்பித்த வடிவத்தை மீறி ஏ/பி அவருடைய குடும்பப் பெயருக்குள் நுழைந்திருந்தது. அதை நீக்கி, ஆர்கிட் எண்ணைச் சரிபார்த்து, அன்று மாலையே திருத்தத்தை அனுப்பினோம்.