கிராஞ்சி, ஃபோர்டு தொழிற்சாலை, பாடாங்: சித்தப்பாவோடு ஒரு சுற்று

முதலில் பணக் கதையைச் சொல்லிவிடுகிறேன், வயிறு இன்னும் எரிகிறது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சித்தப்பாவை ஜொகூரில் ஒரு வாடகை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஏறும்போது ஒரு தொகை பேசிவிட்டு, பாலத்தில் நெரிசல் என்று பாதி வழியில் இன்னும் நாற்பது ரிங்கிட் கேட்டிருக்கிறார். எழுபது வயது மனிதர் பாலத்து நடுவில் பெட்டியோடு இறங்கவா முடியும்? கொடுத்துவிட்டார். தயவுசெய்து யாரும் அப்படி வராதீர்கள். பாலம் தாண்டப் பஸ் இருக்கிறது, சில வெள்ளிதான், சோதனைச்சாவடியில் இறங்கி ஏறும் சிரமம் மட்டும்தான்.

சித்தப்பாவுக்கு மெரினா பே, பறவைப் பூங்கா எதுவும் வேண்டாம். "ஜப்பான்காரன் காலத்து எடமெல்லாம் பார்க்கணும்மா" என்றார். காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா, பேராக்கில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், 1943-இல் ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்குச் சயாமுக்கு (தாய்லாந்து) கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. எந்த மாதம் இறந்தார், எந்த முகாமில் இறந்தார், காலராவா பட்டினியா, ஒன்றும் தெரியாது. வீட்டில் அவருக்குத் திதி கொடுக்கக்கூட நாள் கிடையாது, ஆடி அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்துத்தான்.

கிராஞ்சியில் ஆரம்பித்தோம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், நுழைவுக் கட்டணம் கிடையாது. காலையில் போங்கள், நிழல் அதிகம் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். புல்வெளிச் சரிவில் வரிசையாக வெள்ளைக் கல்லறைக் கற்கள், 4,400-க்கு மேல். அவற்றில் 850-க்கும் மேற்பட்ட கற்களில் பெயரே இல்லை, 1939-1945 போரில் இறந்த ஒரு சிப்பாய் என்ற அளவோடு நிற்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் செடி நட்டு, புல்லை மட்டமாக வெட்டி, 80 வருஷத்துக்குப் பிறகும் அப்படிப் பராமரிக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வேலை அது. பார்த்ததும் எனக்கு மரியாதைதான் வந்தது, இதைக் குறையாகச் சொல்லவே மாட்டேன்.

மேட்டின் உச்சியில் நினைவுச்சின்னம். விமான இறக்கை மாதிரி அகலக் கூரை, அதைத் தாங்கும் சுவர்த் தூண்கள், அத்தனையிலும் பெயர்கள். உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்கள். இந்தியப் படையின் பகுதிக்குப் போனால் நேரம் போவதே தெரியவில்லை. பஞ்சாபிப் பெயர்கள், கூர்க்காப் பெயர்கள், நடுநடுவே நம் பக்கத்துப் பெயர்கள், இங்கிலீஷ் எழுத்தில் வாயில் நுழையாதபடி. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கல்லில் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறக்கினார். தமிழ்ப் பெயர் மாதிரி ஒன்று வந்தால் விரல் நிற்கும், வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார், மறுபடி இறங்கும். நினைவுச்சின்னத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று இருக்கிறது, பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். தங்கள் மத முறைப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். அவசியம் போய்ப் பாருங்கள்.

அங்கே நின்றுதான் சித்தப்பா கேட்டார். "சயாம் போனவங்க பேரு எங்கம்மா?"

இங்கே இல்லை. இது படையில் இருந்தவர்களுக்கான இடம். பெரிய தாத்தா துப்பாக்கி பிடித்தவர் இல்லை, பால் வாளி பிடித்தவர்.

கணக்கைப் பாருங்கள். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தது. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். இந்த எண்ணிக்கை அவ்வளவு உறுதியாகக் கிடைப்பதற்குக் காரணம், கைதிகளுக்குள்ளே அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், உயிரைப் பணயம் வைத்துப் பட்டியல் எழுதி ஒளித்து வைத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், இவர்களில் இறந்தவர்கள் 80,000-லிருந்து 1,00,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்! 20,000 உயிர் அப்படி இப்படி இருக்கலாம் என்கிற கணக்கு. அவர்களோடு போதிய மருத்துவரும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது.

எங்கள் வீட்டில் சொல்லும் கதைப்படி, தோட்டத்துக்கு ஆள் வந்து, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். தோட்டத்தில் அப்போது அரிசியைக் கண்ணால் பார்த்தே நாளாகியிருந்தது, மரவள்ளிக்கிழங்குதான். துரைமார்கள் ஓடிவிட்டார்கள், கித்தா விற்க வழியில்லை, சம்பளம் இல்லை. "வயித்துக்காகத்தாம்மா போனாரு, யாரும் கையைக் கட்டி இழுக்கல, அதான் எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஆறல" என்றார் சித்தப்பா. கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது, ஆனால் பசித்தவனிடம் அரிசி என்று சொல்வதும் கட்டி இழுப்பதுதான் என்பேன் நான்.

கிராஞ்சியிலிருந்து உட்லண்ட்ஸ் சாலை, அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாக ஒரே பஸ்ஸில் ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போகலாம். சொல்வது சுலபம்! நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது, வந்த பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, குளிர்சாதனம் பெயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. கார் கூப்பிடலாமா என்று போனில் பார்த்தால் சாதாரண நாளை விட ஒன்றரை மடங்கு கேட்டது, காலையிலேயே நாற்பது ரிங்கிட் போன கடுப்பு வேறு, வேண்டாம் என்று பஸ்ஸிலேயே ஏறினோம். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கட்டுமான வேலை பூட்ஸோடு உட்கார்ந்திருந்தவர், சித்தப்பா ஏறியதும் எழுந்து "உக்காருங்கய்யா" என்று இடம் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஃபோர்டு தொழிற்சாலை 1941-இல் திறந்த கார் ஆலை. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் இங்கேதான் ஜப்பான் தளபதி யமஷித்தாவிடம் கையெழுத்துப் போட்டுச் சரணடைந்தார். அந்த அறை இருக்கிறது, மேசை மட்டும் அசல் இல்லை, அசல் ஆஸ்திரேலியாவில் கான்பராவில் இருக்கிறது. உள்ளே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், சித்தப்பாவுக்கு மட்டும் சின்னக் கட்டணம். அந்த அறையில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு மட்டும் 6 கோடி பவுன் செலவழித்து, அசைக்க முடியாத கோட்டை என்று ஊருக்கெல்லாம் சொல்லி, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பான் இறங்கி 70 நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. கோட்டை யாரைக் காப்பாற்றியது? சரணடைந்த சில நாட்களிலேயே 'சூக் சிங்' என்ற பெயரில் சீன ஆண்களை வரிசையில் நிற்க வைத்துப் பொறுக்கிக் கொன்றார்கள். ஜப்பான் தரப்பு ஒப்புக்கொண்டது 5,000 பேர், சீனச் சமூகம் சொல்வது 50,000 வரை. அது போதாதென்று மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 5 கோடி வெள்ளி 'நன்கொடை' வேறு கேட்டார்கள். இந்த 5 கோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கட்டடத்தின் காட்சிக்கூடத்துக்கு 2017-இல் ஜப்பான் காலத்துப் பெயரான 'சியோனான்' என்று பெயர் வைத்து, மக்கள் கொதித்ததும் இரண்டு நாளில் மாற்றினார்கள். கொதித்தது சரிதான்.

பசி வந்துவிட்டது. ஹியூம் நிலையத்தில் ரயில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா, வெளியே வந்தால் எதிரே தேக்கா நிலையம் (சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும்). ஆட்டுக்கறி பிரியாணி. என்ன பிரியாணி! கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது, தால்சாவில் கத்தரிக்காய் குழையாமல் இருந்தது, வெள்ளரிக்காயும் அன்னாசியும் போட்ட ஊறுகாய் ஒரு கரண்டி. பத்து வெள்ளிக்குள் ஓர் ஆளுக்கு வயிறு நிறைந்தது, இந்த ஊரில் இந்த விலைக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. சித்தப்பா தட்டில் ஒரு பருக்கை விடவில்லை. கை கழுவி வந்து தே தாரிக் சொன்னதும் அடுத்த கேள்வி. "அப்புறம் ஜப்பான்காரன் காசு குடுத்தானா, இல்லையாம்மா?"

கொடுத்தான், ஆனால் யாருக்கு என்பதுதான் கதை. 1951 செப்டம்பர் 8, சான் பிரான்சிஸ்கோ. ஜப்பானோடு 48 நாடுகள் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. அதன் 14-ஆவது பிரிவு, ஜப்பான் இழப்பீடு தர வேண்டியதுதான், ஆனால் முழுவதும் தர அதனிடம் வசதி இல்லை என்று சொல்லிவிட்டு, பெரும்பாலான கோரிக்கைகளைக் கைவிட வைத்தது. பனிப்போர் தொடங்கிவிட்டது, கொரியாவில் சண்டை, அமெரிக்காவுக்கு ஜப்பான் தன் பக்கத்தில் திடமாக நிற்க வேண்டியிருந்தது. போர்க்கைதிகளுக்கு மட்டும் 16-ஆவது பிரிவின்படி செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொஞ்சம், ஒரு பிரிட்டிஷ் கைதிக்கு சுமார் 76 பவுன். மூன்றரை வருஷ நரகத்துக்கு 76 பவுன்! அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். பிரிட்டிஷ் அரசு தன் கஜானாவிலிருந்து ஆளுக்கு 10,000 பவுன் கொடுக்க 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

நம் ஆட்கள்? மலாயாவும் சிங்கப்பூரும் அப்போது பிரிட்டன் கையில், அவர்கள் சார்பில் பிரிட்டனே கையெழுத்துப் போட்டது. இந்தியா சான் பிரான்சிஸ்கோவுக்கே போகவில்லை, 1952 ஜூன் 9 அன்று தனியாக ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு இழப்பீடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. நேருவின் அந்தப் பெருந்தன்மையை இன்றைக்கும் புகழ்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. யாருடைய கடனை யார் தள்ளுபடி செய்வது? இந்தியாவில் பிறந்து, மலாயாவில் உழைத்து, பர்மா எல்லைக் காட்டில் செத்த ஒரு தோட்டத் தொழிலாளியை பிரிட்டன் தன் ஆளாக எண்ணவில்லை, இந்தியா நினைத்துப் பார்க்கவில்லை, மலாயா அப்போது நாடாகவே இல்லை. பர்மாவும் பிலிப்பீன்சும் தனி நாடுகளாக நின்று பேரம் பேசியதால் 20 கோடி டாலர், 55 கோடி டாலர் என்று வாங்க முடிந்தது.

சித்தப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் நகர மண்டபம். 1945 செப்டம்பர் 12 அன்று பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னால் ஜப்பான் தளபதி இட்டகாகி சரணடைந்தது இந்தக் கட்டடத்தில். இப்போது தேசியக் கலைக்கூடம், வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு விலை கடித்தது, படிக்கட்டோடு நிறுத்திக்கொண்டோம். எதிரே பாடாங். 1962-இல் சிக்லாப் பக்கம் மனிதப் புதைகுழிகள் கிடைத்த பிறகு, 1963 ஆகஸ்ட் 25 அன்று இந்தத் திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி ஜப்பானிடம் 'இரத்தக் கடன்' கேட்டார்கள். 1967-இல் முடிவானது: சிங்கப்பூருக்கு 5 கோடி வெள்ளி, பாதி மானியம், பாதி கடன். 1942-இல் மிரட்டி வாங்க நினைத்த அதே தொகை! மலேசியாவுக்கு 2.5 கோடி, அது இரண்டு சரக்குக் கப்பலாக வந்தது. "கப்பலா?" என்றார் சித்தப்பா. "எங்கப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு." தோட்டங்களில் காத்திருந்த விதவைகளுக்கு அந்தக் கப்பலால் என்ன வந்தது? நாடுகளுக்கு இடையில் கணக்கு தீர்ந்தது, வீடுகளின் கணக்கு அப்படியே நிற்கிறது.

பாடாங்கிலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்று இடம், மூன்றும் இலவசம். இந்தியத் தேசிய ராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடம் (1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டியது, செப்டம்பரில் பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள்), போர் வீரர் நினைவுத் தூண், அப்புறம் பீச் சாலையில் நான்கு வெள்ளைத் தூண்களாக உயரும் குடிமக்கள் நினைவுச்சின்னம். நான்கு தூண் நான்கு இனத்துக்கு, அடியில் புதைகுழிகளில் எடுத்த எலும்புகள் தாழிகளில். செத்த குடிமக்களை இனம் என்று பிரிக்காமல் எல்லோரையும் சேர்த்த இடம் இந்த ஊரில் இது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ரயில்பாதைத் தொழிலாளர்களுக்கு இதில் பாதி அளவுக்காவது ஒன்று வேண்டும், பெயர் தெரிந்தவரை பெயரோடு.

அதற்காக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சயாம் போனவர் யாராவது இருந்தால், தாத்தா பாட்டி சொன்னது நினைவில் இருக்கும்போதே பெயர், தோட்டம், வருஷம் மூன்றையும் எழுதி வையுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழிலேயே பேசியவை இருக்கின்றன, இணையத்தில் தேடலாம். அன்று இரவே சித்தப்பாவை உட்கார வைத்துப் போனில் பதிவு செய்தேன்.

அடுத்தது காஞ்சனபுரி, அந்த ரயில்பாதை போன தாய்லாந்து ஊர், என்று முடிவாகிவிட்டது. பாங்காக் தோன்புரியிலிருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் நூறு பாட்தானாம், விமானச் சீட்டுதான் பள்ளி விடுமுறையில் கொள்ளை விலை. அதனால் விடுமுறை முடிந்த பிறகு போகிறோம், சித்தப்பா ஈப்போவிலிருந்து நேராக பாங்காக் வந்துவிடுவார், ஜொகூர் வண்டி கிடையாது.