கில் மைனஸ் 9-க்கும் சாகாத விண்டோஸ்

மாசி மாதம், காலபோக வெட்டு உச்சத்தில் நின்ற நேரம். காலை ஏழரைக்குப் பரந்தன் மில்லில் கணக்குப் பார்க்கிற தங்கச்சி ஃபோன் எடுத்தா.

"அண்ணை, கணக்கு கொம்பியூட்டர் விறைச்சுப்போய் நிக்குது. மவுஸும் அசையேல்லை. வாசலில எட்டு உழவு மெசின் நெல்லோட நிக்குது."

"ஓஃப் பண்ணிப் பாத்தனீங்களோ?"

"அதை எங்க ஓஃப் பண்ணுறது எண்டு நீங்கள் சொல்லித் தரேல்லையே."

அவ சொன்னது சரி. அந்தக் கணக்கு கொம்பியூட்டருக்கு உடம்பே இல்லை. இரண்டு வருசத்துக்கு முன் முதலாளி கொழும்பில் இருந்து ஒரு பழைய சேர்வர் எடுப்பித்தார். அதில் ஒரே பெட்டிக்குள் பல கொம்பியூட்டர்களை ஓட்டுகிற, லினக்ஸில் இயங்கும் புரொக்ஸ்மொக்ஸ் போட்டு, உள்ளே இரண்டு விண்டோஸை விஎம்மாக, அதாவது மென்பொருளால் ஆன கொம்பியூட்டராக, ஓட விட்டவன் நான்தான். ஒன்று கணக்குக்கு, மற்றது லொறித் தராசுக்கு. மேசையில் இருப்பது வெறும் திரையும் கீபோர்ட்டும்.

கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிசம். போய்ப் பார்த்தால் திரையின் மூலையில் மணி 6.41 என்று நிற்கிறது. சுவர் மணிக்கூடு 7.50 காட்டுகிறது. ஒரு விண்டோஸ் உண்மையிலேயே விறைத்துவிட்டதா, அல்லது யோசித்துக்கொண்டு நிற்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி அந்த மூலை மணியைப் பார்ப்பதுதான்.

லப்டொப்பை எடுத்து, புரொக்ஸ்மொக்ஸின் பக்கத்தைத் திறந்து, ஷட் டவுன் அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தப் பொத்தான் எதையும் நிறுத்துவதில்லை. விண்டோஸுக்கு உள்ளே இருக்கிற ஏஜென்டிடம் "தயவு செய்து நீயாக நில்" என்று கேட்கும். ஏஜென்ட் இல்லாவிட்டால், பவர் பொத்தானை ஒருக்கால் அமத்தியது போல ஏசிபிஐ சைகை ஒன்று அனுப்பும். இரண்டையும் கேட்க உள்ளே ஆள் உயிரோடு இருக்க வேண்டும். மயங்கிக் கிடக்கிறவனிடம் எழும்பி வந்து கதவைத் திற என்கிற வேலை.

பொறுமை இல்லாமல் ஸ்டொப் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பில் வந்தது: லொக் கோப்பைப் பிடிக்க முடியவில்லை, நேரம் கடந்துவிட்டது. இந்த வரியைக் கண்டு பதறத் தேவையில்லை. முதலில் அழுத்திய ஷட் டவுன் வேலை இன்னும் முடியாமல் அந்த விஎம்மின் பூட்டைக் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திரையின் அடியில் வேலைப் பட்டியல் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற ஷட் டவுனை இரண்டு தரம் கிளிக் பண்ணித் திறந்து, அதை நிறுத்திவிட்டுத்தான் ஸ்டொப்புக்கு வர வேண்டும். பூட்டுக் கோப்பைத் தேடிப்போய் அழிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை.

இரண்டாம் தரம் ஸ்டொப் வேலை தொடங்கியது. முதலில் மரியாதையாகக் கேட்டது. பிறகு முடித்துக்கொள் என்கிற சிக்டேர்ம் சைகையை அனுப்பியது. அதற்கும் அசையவில்லை என்று, கேட்காமலே கொல்லுகிற சிக்கில் சைகையை அனுப்பியது. நானும் பங்குக்கு ரேர்மினலைத் திறந்து, அந்த விஎம்மை ஓட்டுகிற கேவிஎம் புரொசஸின் இலக்கத்தைப் பார்த்து, அதே கொலை உத்தரவைக் கையால் கில் மைனஸ் 9 என்று கொடுத்தேன். ஓடுகிற புரொசஸ்களைப் பட்டியல் போடுகிற பிஎஸ் போட்டால் அதே இலக்கம் அதே வரியில் நிற்கிறது. நிலை காட்டுகிற இடத்தில் ஒரு டி (D).

இந்த டி-தான் கதை. லினக்ஸில் கில் மைனஸ் 9 எதையும் கொல்லும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் ஒரு புரொசஸ் டிஸ்க்கிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை லினக்ஸின் கருவான கேர்னலுக்குள் தூங்குகிறது என்றால் அதை இடையில் எழுப்ப ஏலாது. கொலை உத்தரவு அதன் தலைமாட்டில் கிடக்கும். எழும்பினால்தான் நிறைவேறும். இன்னொரு அடையாளமும் இருந்தது: வரிசையில் நிற்கிற வேலைகளின் சராசரியான லோட் அவரேஜ் 14, சிபியு சும்மா கிடக்கிறது. இப்படிக் காத்து நிற்கிறவர்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்க்கும். ஆகவே வேலை கூடிவிடவில்லை, எங்கேயோ ஒரு டிஸ்க் பதில் சொல்லவில்லை.

முதலாளி வந்து பின்னால் நின்றார். "தம்பி, பெட்டியை முழுசா ஓஃப் பண்ணிப் போட்டா என்ன?"

எனக்கும் கை துருதுருத்தது. ஆனால் அதே பெட்டிக்குள்தான் தராசு விஎம்மும் இருக்கிறது, அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. "ஐயா, அதை நிப்பாட்டினா நிறுக்கவும் ஏலாது. ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ." தங்கச்சி அதற்குள் துண்டுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் வைத்து, கையால் எழுதத் தொடங்கிவிட்டா. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே நின்றதால் விலை குறைத்த ஒருவரோடு வாக்குவாதம் வேறு.

கேர்னல் எழுதி வைக்கிற குறிப்புகளைக் காட்டுகிற டிமெசேஜை நேரத்தோடு போட்டுப் பார்த்தேன். கேவிஎம் 120 செக்கனுக்கு மேலாகத் தடைப்பட்டு நிற்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அதற்கு மேலே யூஎஸ்பி ரீசெட், மறுபடி யூஎஸ்பி ரீசெட். முதல் வரி 6.41.

"6.41க்கு என்ன நடந்தது?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். மெசின் போடுகிற பெடியன் சொன்னான்: "அப்பதான் அண்ணை நெல்லுக் குத்துற ஹலர் போட்டனான். லைற் எல்லாம் ஒருக்கா மங்கி வந்தது."

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன வருசம் துண்டுகளை ஸ்கான் பண்ணி வைக்க இடம் போதாது என்றதும், "இப்போதைக்கு" என்று சொல்லி ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதைக் கணக்கு விண்டோஸுக்கு இரண்டாவது டிஸ்க்காகக் கொடுத்தவனும் நான்தான். அலுமாரிக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். உமித்தூசி படிந்த பெட்டி, நீல விளக்கு மின்னுகிறது, உள்ளே டிக், டிக் என்று சத்தம். அதன் அடப்டர் வயரைக் கையால் பிடித்துக்கொண்டு போனால் யூபிஎஸ்ஸில் முடியவில்லை. ஃபானும் கேத்திலும் செருகிய சுவர் பிளக்கில் முடிந்தது. சேர்வருக்கு யூபிஎஸ், சுவிட்சுக்கு யூபிஎஸ், இந்த ஒன்றுக்கு மட்டும் மில் மோட்டர் விட்ட மிச்சக் கரண்ட்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊரில் வளர்ந்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த டிஸ்க்கில் ஸ்கான் படங்கள் மட்டும்தான். விண்டோஸும் கணக்கு டேட்டாபேஸும் சேர்வருக்கு உள்ளே எஸ்எஸ்டியில் இருக்கின்றன. அதை இன்னொரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு, யூஎஸ்பி வயரைப் பிடித்து இழுத்தேன்.

திரும்பி வந்து பிஎஸ் போட்டேன். அந்த இலக்கம் இல்லை. டிஸ்க்கே இல்லை என்றானதும் கேர்னல் காத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் பிழை என்று பதில் கொடுத்திருக்கிறது. கேவிஎம் கண் விழித்த கையோடு, ஒன்பது நிமிசமாகக் கிடந்த உத்தரவு வேலை செய்துவிட்டது. லோட் மெல்ல மெல்ல இறங்கியது. தராசு விஎம் இதில் எதையும் அறியவில்லை.

மறுபடி ஸ்டார்ட் அழுத்த, இரண்டாவது டிஸ்க்கைக் காணவில்லை என்று மறுத்தது. ஹார்ட்வெயார் பகுதியில் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன். சரியாக நிறுத்தப்படவில்லை என்று விண்டோஸ் கொஞ்சம் முறைப்பட்டு, பிறகு எழும்பியது. டேட்டாபேஸ் திறக்கும்வரை நான் மூச்சு விட்ட ஞாபகம் இல்லை. காலையில் அடித்த மூன்று பில் மட்டும் இல்லை. கார்பன் பிரதியைப் பார்த்துத் தங்கச்சி பத்து நிமிசத்தில் ஏற்றிவிட்டா. வாசலில் ஒரு உழவு மெசின்தான் மிச்சம்.

யூஎஸ்பி டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய், டிஸ்க்கைச் சரிபார்க்கிற கருவியை ஓடவிட்டேன். படங்கள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தன, இரண்டு துண்டுகள் மட்டும் பாதி சாம்பல் நிறம். அவற்றைப் புத்தகத்தில் இருந்து திரும்ப ஸ்கான் பண்ணியாயிற்று. இப்போது எல்லாம் உள் எஸ்எஸ்டியில். யூஎஸ்பி டிஸ்க் கிழமைக்கு ஒரு தரம் பிரதி எடுக்க மட்டும் செருகப்படும், எடுத்ததும் கழற்றப்படும். அதன் அடப்டர் யூபிஎஸ்ஸில்.

ஹலர் போடும்போது லைற் மங்குவது அப்படியேதான் இருக்கிறது. மோட்டர் தொடங்கும்போது இழுக்கிற கரண்டைக் குறைக்க ஸ்டார்-டெல்ரா ஸ்டார்ட்டர் போட வேண்டும் என்று கரண்ட் வேலைக்காரர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். "சிறுபோகம் முடியட்டும் தம்பி" என்கிறார் முதலாளி.