மூலைக்கு மூலை ஓடும் சிலுவை

மட்டக்களப்புக் கோட்டையின் கதையை ஓவியமாகவோ மேடை நாடகமாகவோ காட்டுகிறவர்கள், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அதைப் பறித்த ஆங்கிலேயரின் கையில் இன்றைய பிரித்தானியக் கொடியான யூனியன் ஜாக்கையே கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டில் அப்படியொரு கொடி இருக்கவேயில்லை. அதிலுள்ள சிவப்புக் கோணற் சிலுவை, அயர்லாந்து பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்ட 1801ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு, நீலத்தின் மேல் வெள்ளையாக மூலைக்கு மூலை ஓடும் ஸ்கொட்லாந்துச் சிலுவையும், அதன் மேல் நேராக நிற்கும் இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவையும் மட்டுமே இருந்தன.

பெருக்கல் குறி போன்ற அந்த வடிவம் புனித அந்திரேயாவுக்கு உரியது. இயேசுவின் சீடரான அவர் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் அத்தகைய சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு. ஆனால் அவருடைய மரணத்தைச் சொல்லும் மிகப் பழைய ஏடுகளில் கோணற் சிலுவை இல்லை. மத்திய காலத்து ஓவியர்களும் சிற்பிகளுமே அதைப் பரப்பினார்கள். ஸ்கொட்லாந்தில், மூன்றாம் அலெக்சாந்தர் மன்னர் இறந்தபின் நாட்டைப் பொறுப்பேற்ற காவலர்களின் 1286ஆம் ஆண்டு முத்திரையில் அது காணப்படுகிறது. படைவீரர் யாவரும் மார்பிலும் முதுகிலும் வெள்ளைச் சிலுவை அணிய வேண்டும் என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் 1385இல் ஆணையிட்டது. போர்க்களத்தில் தன்னவன் யார், எதிரி யார் என்று தூரத்திலிருந்தே அறிவதற்கு, இரண்டு துணிப்பட்டிகளைக் குறுக்காகத் தைப்பதைவிட எளிய வழி வேறென்ன இருந்திருக்கும்?

இன்றைய பிரான்சின் கிழக்கிலுள்ள பர்கண்டியின் பிரபுக்களும் அந்திரேயாவையே காவலராகக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிலுவை கிளை வெட்டிய இரண்டு மரக்கட்டைகளைப் போலக் கணுக்கணுவாக இருக்கும். திருமண உறவின் வழியே அது ஸ்பானியப் படைகளின் சின்னமாயிற்று. போர்த்துக்கேயர் 1628இல் எமது கோட்டையைக் கட்டியபோது லிஸ்பனை ஆண்டவரும் அந்த ஸ்பானிய மன்னரே. எனினும் போர்த்துக்கல் தன் சின்னங்களைத் தனியாகவே வைத்திருந்தது.

மிகவும் சிக்கலானது 1801ஆம் ஆண்டுக் கொடிதான். அயர்லாந்துக்கு ஒரு சிலுவை தேவைப்பட்டது. ஆனால் அந்நாட்டின் காவலரான புனித பத்திரிக்கோ சிலுவையில் மரித்தவர் அல்லர். 1783இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட வீரர் விருதுச் சின்னத்திலிருந்த சிவப்புக் கோணற் சிலுவையையே எடுத்துக்கொண்டார்கள். அது உண்மையில் ஃபிற்ஸ்ஜெரால்ட் என்ற பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னத்தை ஒத்தது என்பதால், ஐரிஷ்காரர் பலர் அதைத் தம்முடையதாகக் கருதுவதில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரே இடத்துக்கு இரண்டு கோணற் சிலுவைகள் போட்டியிட்டபோது, ஒன்றை மற்றதன் நடுவே வைத்தால் ஸ்கொட்லாந்தின் சிலுவை வெறும் கரையாகிவிடும். எனவே சிவப்பைச் சற்று ஒதுக்கினார்கள். என் தங்கையின் மகள் பாடசாலை ஒப்படைக்காக இந்தக் கொடியை வரைந்துகொண்டிருந்தபோது, "மாமா, சிவப்புக் கோடு நடுவில வரல்லயே, புத்தகத்தில படம் பிழையோ?" என்று கேட்டாள். படம் சரியானதே. அடிமட்டத்தை வைத்து அளந்தோம்: அகன்ற வெள்ளை மூன்று பங்கு, சிவப்பு இரண்டு பங்கு, மறுபக்கத்து ஒடுங்கிய வெள்ளை ஒரு பங்கு. கம்பத்தை ஒட்டிய பாதியில் அகன்ற வெள்ளை சிவப்புக்கு மேலேயும், காற்றில் பறக்கும் பாதியில் கீழேயும் வரும். மூத்த பங்காளியான ஸ்கொட்லாந்துக்குக் கம்பத்தின் பக்கத்தில் மேலிடம் என்பது கணக்கு. கொடியைத் தலைகீழாகக் கட்டினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். அதைக் கவனிக்கத் தவறிப் பிரித்தானிய அலுவலகங்களே அவ்வப்போது கேலிக்குள்ளாவதுண்டு.

அந்த ஒடுங்கிய வெள்ளைக்கும் காரணம் உண்டு. குலச்சின்னக் கலையில் மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்னும் உலோகங்களாகவும், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை வண்ணங்களாகவும் கொள்ளப்படும்; வண்ணத்தின் மேல் வண்ணத்தை வைக்கக் கூடாது என்பது விதி. சிவப்பு நீலத்தைத் தொடாமல் வெள்ளை இடையில் நிற்பது அதனால்தான். உசைன் போல்ட் தோளில் போர்த்திக்கொண்டு ஓடிய ஜமேக்காக் கொடியிலும் இதே வேலையைப் பொன்னிறக் கோணற் சிலுவை செய்கிறது. 1962 ஓகஸ்ட் 6ஆம் திகதி யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு ஏற்றப்பட்ட அந்தக் கொடியில், பச்சை முக்கோணங்களும் கறுப்பு முக்கோணங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.