கொடைக்கானல் ஏரிக்கரையில் தங்கினால்

1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கிய ஏரி இது. சுற்றுச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். விடிந்ததும் கிளம்புங்கள். வண்டிகள் வந்துவிட்டால் நடக்கிற சுகமே போய்விடும். வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிட்டு, இருக்கை உயரத்தைச் சரிசெய்து வாங்குங்கள். இருக்கை தாழ்ந்திருந்தால் பாதிச் சுற்றிலேயே முழங்கால் வலிக்கும்.

மலைவிளிம்பை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடைதான், ஆனால் நேரம் முக்கியம். பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிய வேண்டுமானால் காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போதும் உடனே திரும்பிவிடாதீர்கள். வெயில் முதுகில் விழ, எதிரே மஞ்சு திரண்டு நின்றால், உங்கள் நிழல் அதன்மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம். மஞ்சிலுள்ள நுண்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது இது. பக்கத்தில் நிற்பவருக்குத் தன் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும்!

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்கு இறங்கும் வழி செங்குத்து. மரவேர்களே படிக்கட்டு, மழை பெய்திருந்தால் வழுக்கும், பிடிப்புள்ள காலணி இல்லாமல் இறங்காதீர்கள். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், தண்ணீரை அதற்கு மிச்சம் வையுங்கள். பாறை முனையில் தடுப்பு கிடையாது. குழந்தைகளோடு போனால் பிரையன்ட் பூங்காவே போதும்.

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.