வெள்ளையில் பச்சைக் கோடுகள்

2010இல் பாங்காக்கை ஒட்டிய பதும் தானியில் இருக்கும் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, பாங்காக்கில் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்தேன். முப்பது வருடங்களாக நகரத் திட்டமிடலைக் கற்பித்தவர். அரசுக் குழுக்களிலும் இருந்தவர். எல்லோரும் அவரை ‘அஜான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ‘ஆச்சாரியர்’தான் தாய் மொழியில் அப்படி ஆகியிருக்கிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்குத் தந்த முதல் வேலை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஒரு கால்வாய்க் கரை வீடுகளை வரைவது. தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்ற வீடுகளை எல்லாம் சிவப்பாக்கி, ‘ஆக்கிரமிப்பு’ என்று குறிப்பு எழுதினேன். அஜான் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். “அங்கே போனாயா?” என்று மட்டும் கேட்டார். போகவில்லை.

மறுநாள் பாங் புவா கால்வாய்க்குக் கூட்டிப்போனார். குடிசைப் பகுதி மக்களே தங்கள் குடியிருப்பைச் சீரமைத்துக்கொள்ள 2003இல் அரசு தொடங்கிய ‘பான் மங்கோங்’ திட்டத்தில் அந்தக் கரை மக்கள் சேமிப்புக் குழு அமைத்து, அரசுக் கருவூலத் துறையின் நிலத்தைக் கூட்டாக 30 வருடக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் நின்ற வீடுகளைத் தாங்களே பின்னுக்குத் தள்ளிக் கட்டி, கரையோரம் நடைபாதை விட்டிருந்தார்கள். எந்த வீடு எத்தனை அடி விட்டுக்கொடுப்பது என்பதைத் தங்களுக்குள் பேசி முடித்தவர்களும் அவர்களேதான். இப்போது சென்னையில் வேலை செய்யும்போதும் ‘ஆக்கிரமிப்பு’ என்று தட்டச்சு செய்யக் கை தயங்குகிறது.

பாங்காக்கின் திட்ட வரைபடம் முழுக்க நிறங்கள்தான். நெருக்கம் குறைந்த குடியிருப்புக்கு மஞ்சள், நெருக்கமானதற்குப் பழுப்பு, கடைவீதிக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா. கிழக்கு ஓரத்தில் மின்புரி, க்ளோங் சாம் வா, நோங் சோக் பக்கம் மட்டும் வெள்ளையில் சாய்வான பச்சைக் கோடுகள் போட்ட பகுதி உண்டு. அங்கே விவசாயம் இருக்கலாம், வீடுகளை நெருக்கிக் கட்டக்கூடாது. வடக்கிலிருந்து வெள்ளம் வந்தால் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையாமல் அந்த வழியாகக் கடலுக்குப் போகவேண்டும் என்பதும் அந்தக் கோடுகளின் பொருள். அஜான் இதை வகுப்பில் விளக்கும்போது அழகான ஏற்பாடாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

2011 அக்டோபரில் அந்த வெள்ளம் வந்தது. எங்கள் வளாகமே மூழ்கியது. டான் மியாங் விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. நான் நகரின் நடுவே ஒரு நண்பனின் அறையில் தங்கினேன். அங்கே தரை நனையவே இல்லை. மாத இறுதியில் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சாம் வா மதகைத் திறக்கச் சொல்லி மக்கள் திரண்டார்கள். மேல்பக்கத்து வீடுகளில் தண்ணீர் வடியாமல் நாட்கணக்காகத் தேங்கிக் கிடந்தது. மதகைத் திறந்தால் கீழே பாங் சான் தொழிற்பேட்டைக்கு ஆபத்து என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். கடைசியில் மக்கள் சொன்னபடிதான் நடந்தது. அஜானின் அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அந்தக் கோடுகளைப் பற்றி எத்தனையோ குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். தண்ணீரை வாங்கிக்கொள்கிறவருக்கு என்ன தரப்போகிறோம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.”

மூத்த பேராசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்மேல் என் மரியாதை கூடியது.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் நாலு பேரை அளவு நாடாவோடு மின்புரிக்கு அழைத்துப்போனார். சுவரில் கறை எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாள் நின்றது, அடுப்பு எங்கே இருந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். விவசாயிகளின் பழைய மரவீடுகள் உயரக் கால்களில் தப்பித்து நின்றன. தரையோடு கட்டிய புது வீடுகள்தான் ஊறிப்போயிருந்தன. மண் கொட்டி மேடாக்கிய மனைக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் கறை இன்னும் மேலே இருந்தது. வரைபடத்தில் இந்த எல்லா வீடுகளுக்கும் ஒரே நிறம்.

ஒரு வீட்டில் ஐம்பது வயதுப் பெண் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். “அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்?”

அஜான் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: “வகுப்பில் காட்டுவேன். குழுவில் காட்டுவேன். கேட்பார்களா என்று உறுதி சொல்ல முடியாது.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். சரி என்று உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்துவந்து போட்டார். சமையலறைக் கறைக்கு எங்கள் கை எட்டாது என்றார்.